மேயப் போன வட்டம்

செவல்பேரியில் வட்டங்கள் காலையில் மேயப் போய்ப் பொழுதடைய வீடு திரும்பிக்கொண்டிருந்த அந்த வருடத்தில், ஊரில் எல்லார் வீட்டு வட்டமும் திரும்பிவர, பலவேசம் அண்ணாச்சி வீட்டு வட்டம் மட்டும் வராமல் போனது. அந்த வட்டங்களை ஊருக்கே கொடுத்தவர் அண்ணாச்சிதான் என்பதால், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்தச் செய்தி சர்க்கரை போடாமலே இனித்தது.

கொடுத்தவர் என்றால் தெரிந்து கொடுத்தவர் இல்லை. அண்ணாச்சியின் மளிகைக் கடையில் வருடம் தவறாமல் வாடிக்கைக்காரர்களுக்கு ஒரு காலண்டர் உண்டு. மேலே சாமி, சாமிக்குக் கீழே கடைப் பெயர், அதற்கும் கீழே தினம் கிழிக்கிற தாள். ஆவணி மாதம் காலண்டர் ஏஜென்ட் தங்கையா சாம்பிள் படங்கள் ஒட்டிய தடித்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அண்ணாச்சி மண்டைவெல்லம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் என்ன சாமி அண்ணாச்சி?"

"முப்பெரும் தேவியர் போடும்வே" என்று சொல்லி, தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், இடதுகை விரலால் ஆல்பத்தில் ஓரிடத்தைத் தொட்டார் அண்ணாச்சி.

தங்கையா குனிந்து பார்த்தான். நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தான். "இதா அண்ணாச்சி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"மூணு பேரும் இருக்காங்கள்லா? அப்ப அதான்."

இடையில் மின்விசிறிக் காற்று பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. பொதுவாகவே அவர் எதையும் பார்ப்பதில்லை. உலகத்தில் பார்க்கத் தகுந்தது தராசு முள் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 'பரவால்ல' என்று ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார். மகள் கல்யாணப் பந்தல் பரவால்ல, குற்றாலத்து அருவி பரவால்ல, மனைவி உலகம்மாள் வைக்கிற ரசம், தாலி கட்டிய நாள்முதல், பரவால்ல.

மார்கழிப் பாதியில் பண்டல் வந்து இறங்கியது. பிரித்தால், பேர் தெரியாத யாரோ ஓர் ஓவியர் தண்ணீரில் வண்ணம் கரைத்துத் தீட்டிய படம். மேலே வலப்பக்கம் அப்பளம் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல ஒரு மஞ்சள் முக்கோணம். இரண்டுக்கும் அடியில் குறுக்காக ஒரு நீலப் பட்டை. வட்டத்தின் அடி அந்த நீலத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் படம். மிச்சமெல்லாம் வெள்ளைத்தாள், அதன் கீழே 'பலவேசம் மளிகை, செவல்பேரி'.

"மிச்சத்த எப்ப அண்ணாச்சி வரைவாங்க?" என்று கேட்டாள் எதிர்வீட்டு முப்பிடாதி.

ஊர் சிரித்தது, ஆனாலும் காலண்டரை வாங்கிக்கொண்டது. சும்மா கிடைத்த காலண்டரை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் செவல்பேரியில் எக்காலத்திலும் இருந்ததில்லை. எல்லா வீட்டிலும் ஆணியில் ஏற்றி, வெள்ளிக்கிழமை வந்ததும் பழக்கதோஷத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, வைத்த பிறகுதான் இதில் எது லட்சுமி, எது துர்க்கை என்று குழம்பினார்கள். அம்மன்கோயில் பூசாரி வந்து தீர்ப்புச் சொன்னார்: சிவப்பு துர்க்கை, மஞ்சள் லட்சுமி.

"அப்ப நீலம் சரஸ்வதியா சாமி? சரஸ்வதி வெள்ளைல்லா?" என்றாள் முப்பிடாதி.

பூசாரி அசரவில்லை. "அந்த வெள்ளையா விட்டிருக்கிற எடம் பூராவும் சரஸ்வதிதான். நீலம் அவ ஒக்காந்திருக்கிற குளம்" என்றார். இந்த விளக்கத்தில் எல்லாருக்கும் பரம திருப்தி.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் முப்பிடாதி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அவள் வீட்டுச் சிவப்பு வட்டம் காலண்டரைவிட்டு வழுக்கி, சுவரோடு இறங்கி, வாசற்படியில் ஒருமுறை துள்ளி, விளிம்பில் எழுந்து நின்று, தெருவில் உருண்டு போனது. "போறதுதான் போறே, கதவச் சாத்திட்டுப் போனா என்னவாம்" என்று முனகிக்கொண்டே அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியைப் பெருக்கினாள். அதற்குள் மேலத்தெருவிலிருந்தும் கீழத்தெருவிலிருந்தும் வடக்குத்தெரு முக்கிலிருந்தும் வட்டங்கள் உருண்டுவந்து, ஆடுகளோடு சேர்ந்து ரோட்டைக் கடந்து, தண்ணீர் வற்றிய குளத்துக்குள் இறங்கி, புல்மேல் மல்லாந்து படுத்து வெயில் காய்ந்தன. பொழுதடையும்போது எழுந்து வீட்டுக்கு வந்தன. முக்கோணங்கள் எங்கும் போகவில்லை, அவற்றுக்கு உருள வராது. நீலப் பட்டைகளுக்கு உடம்பு முழுக்கச் சோம்பல்.

ஏன் போகின்றன என்று ஊரில் ஒரே ஒருதடவைதான் கேள்வி எழுந்தது. "மனுசன் நாள்பூரா ஒரே ஆணியில தொங்குவானாய்யா?" என்று போலீஸ் ஏட்டையா திருப்பிக் கேட்டார்; அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. அப்புறம் ஆகவேண்டிய காரியங்களைத்தான் ஊர் பார்த்தது. கதவுக்கடியில் இடைவெளி விட்டார்கள். டவுன் பஸ் டிரைவர் குளத்தங்கரைத் திருப்பத்தில் ஆட்டுக்கும் வட்டத்துக்கும் சேர்த்து ஹாரன் அடித்தார். அந்தியில் பெண்கள் வாசலில் நின்று கோழியைக் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்று கூப்பிட்டார்கள், வட்டங்களும் கோழிகளும் முண்டியடித்துக்கொண்டு வந்தன.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. சில வட்டங்கள் வீடு மாறிப் போயின. முப்பிடாதி வீட்டு வட்டம் அவள் நாத்தனார் வீட்டு ஆணிக்குப் போய்விட, ஏற்கெனவே வாய்க்கால் தகராறில் முறுக்கிக்கொண்டிருந்த இரண்டு வீடும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டன.

"அடையாளம் சொல்லு" என்றார் ஏட்டையா.

"செவப்பா, உருண்டையா இருக்கும்யா."

"ஊர்ல எல்லாமே செவப்பு, எல்லாமே உருண்டை. போயி நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு."

அன்றையிலிருந்துதான் செவல்பேரி பார்க்க ஆரம்பித்தது. ஒரே மிஷினில் ஓடிய படங்கள் என்றாலும் ஒன்றைப்போல ஒன்று இல்லை என்பது பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. ஒன்றின் ஓரத்தில், தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில் கரை கட்டியிருந்தது. ஒன்றில் நடுப்பகுதி தெளிந்து, தாளின் வெள்ளை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் தூரிகை ஓட்டம் மேலிருந்து கீழே வந்து, கடைசியில் கொஞ்சம் தயங்கியிருந்தது. "எங்கது ஓரத்துல கனம், நடுவுல லேசு" என்று குழாயடியில் ஒருத்தி சொல்ல, "எங்கது முழுக்க ஒரே சீரு, ஆனா கீழ எறங்க எறங்க கொஞ்சம் இருட்டும்" என்று இன்னொருத்தி சொல்ல, குடம் நிரம்பி வழிவதை யாரும் கவனிக்கவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், பூசாரி ஒருநாள் கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமான பட்டைகளுக்கு எதிரே நின்று, உச்சிகாலப் பூசையையே மறந்துபோனார். எது லட்சுமி, எது துர்க்கை என்ற பேச்சு எப்போது நின்றது என்று யாருக்கும் நினைவில்லை.

இத்தனை அமர்க்களத்திலும் பார்க்காத ஒரே ஆள் பலவேசம் அண்ணாச்சி. வியாபாரத்தில் தலை குனியவைத்த படம் என்று அவருக்கு அதன்மேல் வருத்தம். ஆனால் உலகம்மாளுக்கு அது துணையாக இருந்தது. முட்டுவலிக்காரி, எங்கும் போகமாட்டாள். மதியச் சமையல் முடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைக் காலண்டருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், அந்தியில் வட்டம் வீட்டுக்கு வந்து தன் இடத்தில் ஏறி உட்காரும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். அது உட்கார்ந்ததும் மஞ்சளுக்கு ஒரு தெம்பு வரும், நீலத்துக்கு ஓர் ஆழம் வரும். அதைப் பார்த்த பிறகுதான் எழுந்து விளக்குப் போடுவாள்.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். மதியம் சாப்பிட வந்தால் வியர்த்த சட்டையைக் கழற்றி, காலண்டர் ஆணியிலேயே படத்தை மூடி மாட்டிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். "அங்கன மாட்டாதீங்க, மாட்டாதீங்க" என்று உலகம்மாள் சொல்லிப் பார்த்தாள். அவர் "பரவால்ல, பரவால்ல" என்றார். தினமும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அந்தச் சட்டையை அவளே எடுத்தாள். ஒருநாள் எடுக்கவில்லை. வட்டம் வந்தது, ஏறியது, பெருங்காயமும் வத்தலும் மணக்கிற சட்டைக்கு முன்னால் கொஞ்ச நேரம் தயங்கியது, இறங்கிப் போய்விட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"நான் வேணும்னுதான் எடுக்கல" என்றாள் உலகம்மாள். "எத்தன நாளைக்கு நானே எடுக்கது? என்னைக்காவது ஒருநாள் நீங்களா பாப்பீங்கன்னு இருந்தேன். பாக்கல. இப்ப சொல்லுதேன், அது வார வரைக்கும் நான் உங்ககூடப் பேசமாட்டேன்."

சொன்னபடியே நிறுத்திக்கொண்டாள். அண்ணாச்சி முதலில் இதையும் பரவால்ல என்றுதான் எடுத்துக்கொண்டார். ஆனால் பேச்சில்லாத வீடு எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் பேச்சை அவர் கேட்டதே இல்லைதான். இருந்தும் கேட்காமலிருக்க ஒரு பேச்சு வேண்டியிருந்தது. சாப்பாடும் கைவிட்டது. என்ன தீர்ந்துபோனது என்று அவள் சொல்லமாட்டாள், அவரும் பார்க்கமாட்டார். அதனால் முதலில் சாம்பாரிலிருந்து கடுகு காணாமல் போனது, பிறகு துவையலிலிருந்து உளுந்து போனது, கடைசியில் ரசத்திலிருந்து பெருங்காயமே போய்விட்டது. ஊருக்கே பெருங்காயம் விற்கிறவர் வெறும் புளித்தண்ணீரை ஊற்றிச் சாப்பிட்டார். அந்த ரசம் பரவால்ல என்று அவருக்குச் சொல்ல வரவில்லை. இத்தனை காலம் தான் குடித்தது என்ன ரசம் என்று நினைத்துப் பார்த்தார்.

ஸ்டேஷனுக்குப் போனார்.

"அடையாளம் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஏட்டையா.

"செவப்பு."

"நீங்க மிளகாவத்தல் பிடிக்கப் போறீங்க. யாவாரி 'செவப்பு'ன்னு மட்டும் சொன்னா மூட்டையைப் பிரிக்காம வாங்கிட்டு வருவீங்களா?"

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நேரே குளத்துக்குப் போய், புல்லில் படுத்திருந்த வட்டங்களில் பார்வைக்கு லட்சணமாக இருந்த ஒன்றைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படத்தில் ஏற்றியதும் மஞ்சள் முக்கோணம் இன்னும் சாய்ந்தது, பக்கத்தில் வேண்டாதவர் வந்து உட்கார்ந்தால் நாம் நகர்ந்துகொள்கிற மாதிரி. உலகம்மாள் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் முப்பிடாதி வாசலில் நின்று, "எங்க வட்டத்தத் தூக்கிட்டு வந்துட்டாரு, இவரு பெரிய மனுசனா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள். அடுத்து ஒன்று கொண்டுவந்தார். அது நல்ல அடர்த்தியான சிவப்பு. ஏற்றிய கையோடு கனம் தாங்காமல் கீழே விழுந்து, உருண்டு, வெளியே போனது. பிறகு ஒன்று கொண்டுவந்தார், அது பூசாரி வீட்டுடையது. வட்டத்திருடன் என்ற பேரும் கிடைத்தது. பெண்கள் அண்ணாச்சி தலையைக் கண்டால் வட்டத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடை அரைநாள் லீவு. உலகம்மாள் அடுப்படியில் இருந்தாள். அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஆணிக்குக் கொண்டுபோனார். கை அந்தரத்தில் நின்றது. எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் நாற்காலியில் அவள் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து, வட்டம் இல்லாத படத்தைப் பார்த்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது, வெள்ளை இருந்தது. எழுந்துவிடலாமா என்று நினைத்தார், எழவில்லை. பார்க்கப் பார்க்க, தராசில் ஒரு தட்டைத் தூக்கிவிட்ட மாதிரி படம் இடப்பக்கம் இழுப்பதை அவர் உடம்பு உணர்ந்தது. படிக்கல் இல்லை, தட்டு இல்லை, ஆனாலும் இழுத்தது. ஒரு சின்ன மஞ்சளுக்கு எதிரே, இத்தனை வெள்ளை தாண்டி, அந்த இடத்தில், அந்த அளவில் ஒரு சிவப்பு இருந்தால்தான் முள் நேரே நிற்கும். அளவு கூடினாலும் விழும், நிறம் கூடினாலும் விழும். இதை வரைந்தவர் எந்த முள்ளைப் பார்த்து நிறுத்தார் என்று அண்ணாச்சிக்கு மலைப்பாக இருந்தது. பிறகு, நீலப் பட்டையின் மேல் ஓரத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கசிவு தெரிந்தது. ஈரம் காயும்முன் சிவப்பு வந்து நீலத்தைத் தொட்ட இடம் அது. அதில் நகக்கண் அளவு நீலம் பிய்ந்திருந்தது. போகிற வட்டம் அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, தெருவில் "பா... பா..." சத்தம் கேட்டபோதுதான் எழுந்தார். அதே சட்டையை மாட்டிக்கொண்டு, ஊர் வட்டங்களெல்லாம் எதிரே உருண்டுவர, அவர் மட்டும் குளத்துக்குப் போனார்.

குளம் காலியாகக் கிடந்தது. மடைக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து ஒன்று மட்டும் இருந்தது. வெயிலிலேயே கிடந்து கொஞ்சம் வெளுத்திருந்தது. அடி விளிம்பில் நகக்கண் அளவு நீலம்.

"பா... பா..." என்றார் அண்ணாச்சி. அது அசையவில்லை.

"சட்டைய இனிமே அங்கன மாட்டமாட்டேன்." அசையவில்லை.

எதிரே புல்லில் உட்கார்ந்தார். அந்தச் சிவப்பைப் பார்த்தார். முண்டு வத்தல் சிவப்பா என்று பார்த்தார், இல்லை. சம்பா வத்தலா, இல்லை. குங்குமமா, மாதுளையா, செம்மண்ணா என்று தெரிந்ததையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. அது அந்தச் சிவப்பு, அவ்வளவுதான். நடுவில் தண்ணீராக நெகிழ்ந்து, ஓரத்துக்கு வர வர நிறம் கூடி, கடைசிக் கோட்டில் நின்று நிதானித்திருந்தது. யாரோ ஒருவர் ஒரு மூச்சில் தூரிகையைச் சுழற்றி, மேலே கைவைத்துக் கெடுக்காமல், அதோடு விட்டிருக்கிறார்.

"பரவால்ல" என்றார் அண்ணாச்சி, பழக்கத்தில்.

வட்டம் திரும்பிக்கொண்டு மடையை நோக்கி உருள ஆரம்பித்தது.

"ஏ, நில்லு, நில்லு!" என்று எழுந்து ஓடினார். மூச்சு வாங்கியது. சுற்றுமுற்றும் பார்த்தார், ஓர் ஆடு மட்டும் நின்றது. வாயில் அந்த வார்த்தை வருவதற்கு நேரமெடுத்தது. வந்தபோது அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "நல்லாருக்கே" என்றார். இன்னொரு தடவை, "ரொம்ப நல்லாருக்கே. நான் பாக்காம இருந்துட்டேன்" என்றார்.

அது நின்றது. அவர் முன்னால் நடந்தார். ஊருக்குள் நுழையும்போது அது அவர் காலை உரசிக்கொண்டு வந்தது. முப்பிடாதி தன் வட்டத்தை மறைக்கப்போய், பார்த்துவிட்டு, கையை எடுத்தாள். "அட, இது அவரு வட்டமேதான்" என்று அடுத்த வீட்டுக்குச் சொன்னாள்.

வட்டம் சுவரில் ஏறி, தன் இடத்தில், நீலத்தைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தது. முக்கோணம் ஒரு மயிரிழை நிமிர்ந்தது. உலகம்மாள் அடுப்படிக் கதவில் கையூன்றி நின்று அதைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். 

"நல்லாருக்கு" என்றார் அண்ணாச்சி.

அவள் புருவத்தை உயர்த்தினாள்: எது?

"எல்லாந்தான்."

புருவம் இறங்கவில்லை. எல்லாம் என்று சொல்லித் தப்பிக்கிற வேலை நடக்காது என்று அண்ணாச்சிக்குப் புரிந்தது. படத்துக்குப் பக்கத்தில் போய், விரலால் தொடாமல் காட்டினார். "இந்தா, செவப்பு வந்து நீலத்தத் தொடுதுல்லா, இந்த எடம். அப்புறம் இந்த வெள்ளை. இத இப்படி வெறுமனே விட்டுருக்கான் பாரு, அது." விரலை அடுப்படிப் பக்கம் திருப்பினார். "அப்புறம் உன் ரசம். பெருங்காயம் இருந்தப்ப."

உலகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குளத்தில் ஓடிய வியர்வையில் சட்டை அவர் முதுகில் ஒட்டிக்கிடந்தது. கழற்றினார். கை தானாகக் காலண்டர் ஆணிக்குப் போனது, பாதியில் நின்றது. கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருடம் குடியிருந்த வீட்டில் ஒரு சட்டையை வேறு எங்கே மாட்டுவது என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றார்.

உலகம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, அவர் கையிலிருந்து சட்டையை வாங்கினாள். மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல ஒரு பொட்டுப் பெருங்காயம் கெடையாது" என்றாள். "இந்தச் சட்டையையே அலசி ரசத்துல ஊத்திரட்டுமா?"